65 மில்லிமீட்டர்: லாரி எழுத்திலிருந்து ஒரு கணிதப் பாடம்

திருவொற்றியூரில் பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே லாரிகள் வந்துவிடும். சென்னைத் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும். மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய், எரிவாயு டேங்கர்கள் வரும். எண்ணூர் அசோக் லேலண்ட் தொழிற்சாலையிலிருந்து கேபின்கூடக் கட்டாத புதுச் சேசிஸ்களை ஹெல்மெட் போட்ட ஓட்டுநர்கள் ஓட்டிச் செல்வார்கள். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே லாரி தெரியும். அப்பா ஓட்டுநர், மாமா கிளீனர், சித்தப்பா லோடுமேன் என்று வீட்டுக்கு ஒருவராவது அந்த வேலையில் இருப்பார்.

இப்படிப்பட்ட ஊரில் 20 ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வந்தும், லாரியை ஒரு முறைகூட வகுப்பறைக்குள் கொண்டுவரத் தோன்றவில்லை. அதைக் கொண்டுவந்தவள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவளைத் திவ்யா என்று வைத்துக்கொள்வோம், பெயரை மாற்றியிருக்கிறேன்.

பாடத்துக்கு வெளியிலிருந்து வந்த கேள்வி

ஒரு திங்கட்கிழமை திவ்யா முழங்கையில் கட்டுடன் வந்தாள். அதற்கு முந்தைய சனிக்கிழமை விடியற்காலையில் அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறாள். பின்னால் வந்த டிரெய்லர் ஒன்று உரசியதில் இருவரும் கீழே விழுந்தார்கள். அவளுக்குச் சிராய்ப்பு. அப்பாவுக்குக் கால் எலும்பு முறிவு. லாரி நிற்கவில்லை.

"நம்பர் பார்த்தியாம்மா?" என்று அன்றிலிருந்து எல்லோரும் அவளைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், காவல் நிலையத்தில் கேட்டார்கள், உறவினர்களும் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

"மஞ்ச போர்டுனு தெரிஞ்சுது மிஸ். டி.என்.னு தெரிஞ்சுது. அதுக்கு மேல படிக்கறதுக்குள்ள போய்டுச்சு. அவ்ளோ பெரிய வண்டிக்கு ஏன் மிஸ் அவ்ளோ குட்டியா நம்பர் எழுதுறாங்க?"

அவளிடம் ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது. படிக்கத் தவறியது தன் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். "உன் மேல தப்பு இல்லம்மா" என்று வாயால் சொல்லிவிடலாம். ஆனால் அவள் கேட்டது கணக்கு. அதற்குக் கணக்கால் பதில் சொல்வதே சரி என்று தோன்றியது. அந்தப் பருவத்தில் நான் நடத்த வேண்டிய பாடம் நேர் மற்றும் எதிர் விகிதங்கள். அறிவியலில் வேகமும் தூரமும். இரண்டும் அவள் கேள்விக்குள் இருந்தன.

விதி என்ன சொல்கிறது?

முதலில் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் விதி 50 பதிவு எண் பலகையைப் பற்றியும், விதி 51 எழுத்தின் அளவைப் பற்றியும் சொல்கின்றன. எழுத்து "பெரிதாக இருக்க வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நிற்காமல், உயரம், கோட்டின் தடிமன், எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி ஆகிய மூன்றையும் மில்லிமீட்டரில் தருகிறது விதி 51. அதன் சில வரிகளைக் கரும்பலகையில் எழுதினேன்:

- 70 சி.சி.க்குக் குறைந்த மோட்டார் சைக்கிள், முன்புறம்: உயரம் 15, தடிமன் 2.5, இடைவெளி 2.5
- மற்ற மோட்டார் சைக்கிள்கள், முன்புறம்: உயரம் 30, தடிமன் 5, இடைவெளி 5
- மோட்டார் சைக்கிள், பின்புற எழுத்து: உயரம் 35, தடிமன் 7, இடைவெளி 5
- மோட்டார் சைக்கிள், பின்புற எண்: உயரம் 40, தடிமன் 7, இடைவெளி 5
- கார், வேன், பேருந்து, லாரி, முன்னும் பின்னும்: உயரம் 65, தடிமன் 10, இடைவெளி 10

நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களுக்குப் பலகையின் அளவு 340 மி.மீ. × 200 மி.மீ. வாடகைக்கும் வணிகத்துக்கும் ஓடும் வாகனம் என்றால் மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. எழுத்துகள் ஆங்கிலத்திலும், எண்கள் நாம் வழக்கமாக எழுதும் 1, 2, 3 வடிவத்திலும் இருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வாகனங்கள் அனைத்துக்கும் உயர் பாதுகாப்புப் பதிவுப் பலகை கட்டாயம் ஆக்கப்பட்டிருக்கிறது.

இதைப் படித்தபோது மாணவர்கள் உடனே கவனித்தது ஒன்று: வாடகைக் காருக்கும் 65 மி.மீ. தான், 40 அடி கண்டெய்னரை இழுத்துச் செல்லும் லாரிக்கும் 65 மி.மீ. தான். "வண்டி பெருசானா எழுத்தும் பெருசாகணும்ல?" என்றான் ஒருவன். எழுத்தின் அளவைத் தீர்மானிப்பது வண்டியின் அளவா, பார்ப்பவரின் தூரமா? விவாதத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, செய்து பார்க்கலாம் என்றேன்.

செயல்பாடு 1: உண்மை அளவில் ஒரு பலகை

ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, மஞ்சள் சார்ட்டில் 340 × 200 மி.மீ. செவ்வகம் வெட்டினார்கள். பரப்பளவு 68,000 ச.மி.மீ., அதாவது 680 ச.செ.மீ. அதில் இரண்டு வரிகளில் பதிவு எண்ணை எழுத வேண்டும். நம் பகுதிச் சாலைகளில் அடிக்கடி காணும் குறியீடுகளைக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன்: டி.என். 18 செங்குன்றம், டி.என். 20 திருவள்ளூர், டி.என். 28 நாமக்கல், டி.என். 34 திருச்செங்கோடு, டி.என். 52 சங்ககிரி. அடுத்து வரும் எழுத்தும் நான்கு இலக்க எண்ணும் அவர்கள் கற்பனை.

கணக்கு தானாக வந்தது. இரண்டு வரிக்கு 65 + 65 = 130; நடுவில் 10 விட்டால் 140; மேலும் கீழும் சேர்த்து மிச்சம் 60. கீழ் வரியில் நான்கு இலக்கங்கள், அவற்றுக்கு இடையே மூன்று இடைவெளிகள். இருபுறமும் 20 ஓரம் விட்டால் 300 மிச்சம். இடைவெளி 30 போனால் 270. ஒரு இலக்கத்துக்கு 67.5 மி.மீ. அகலம் வரை கிடைக்கும். அளவுகோலை மில்லிமீட்டரில் படிக்கத் தடுமாறும் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். 10 மி.மீ. தடிமனில் ஒரு '8' வரைந்து முடிப்பதற்குள் அவர்கள் கை அளவுகோலுக்குப் பழகிவிட்டது.

ஒரு குழு தடிமனை 18 மி.மீ. ஆக்கிவிட்டது. பக்கத்தில் பார்க்க எடுப்பாக இருந்தது. தூரத்தில் வைத்தபோது '8'-இன் இரண்டு வட்டங்களும் அடைபட்டுக் கறுப்புக் கட்டியாகத் தெரிந்தது. எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடமும் எழுத்தின் பகுதியே என்பதை இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது. வாகன வரிசை எழுத்துகளில் ஆங்கில 'ஐ', 'ஓ' இரண்டையும் பயன்படுத்துவதில்லை. அவை 1 உடனும் 0 உடனும் குழம்பும். இதைச் சொன்னதும், அடுத்த நாளே இரண்டு பேர் சாலையில் தேடிப் பார்த்துவிட்டு வந்து உறுதி செய்தார்கள்.

செயல்பாடு 2: எவ்வளவு தூரம் வரை படிக்கலாம்?

15, 35, 65, 100 மி.மீ. உயரங்களில் எண் அட்டைகள் தயாரித்தோம். ஒவ்வொரு குழுவும் மற்றக் குழுவுக்குத் தெரியாத எண்ணை எழுதிக்கொண்டது. அட்டையைப் பிடித்தவர் மைதானத்தின் ஒரு மூலையில் நிற்க, படிப்பவர் எதிர் மூலையிலிருந்து மெல்ல நடந்து வருவார். எண்ணைச் சரியாகச் சொல்லும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நாடாவால் தூரத்தை அளந்தோம். தொலைவிலிருந்து நெருங்கி வருவதுதான் சரி. அருகிலிருந்து பின்னோக்கிப் போனால் எண் மனப்பாடம் ஆகியிருக்கும். பிள்ளைகள் தெரியாமலே ஏமாற்றிக்கொள்வார்கள்.

வகுப்பின் சராசரி இப்படி வந்தது:

- 15 மி.மீ.: 9 மீட்டர்
- 35 மி.மீ.: 20 மீட்டர்
- 65 மி.மீ.: 38 மீட்டர்

தூரத்தை உயரத்தால் வகுக்கச் சொன்னேன். 0.60, 0.57, 0.58. மூன்றும் ஏறத்தாழ ஒரே எண். வரைபடத் தாளில் குறித்தபோது மூன்று புள்ளிகளும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் விழுந்தன. 'நேர் விகிதத்தில் மாறிலி' என்று புத்தகத்தில் இருந்த சொல்லுக்கு அன்று மைதானத்தில் பொருள் கிடைத்தது.

100 மி.மீ. அட்டைக்குத்தான் சிக்கல். எங்கள் மைதானம் மூலைவிட்டத்திலும் 50 மீட்டர்தான். எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றும் எண் தெளிவாகத் தெரிந்தது. "சுவர் வந்துடுச்சு மிஸ், இப்ப என்ன பண்றது?" இந்தக் கேள்விக்காகத்தான் விகிதமே இருக்கிறது. மாறிலியைச் சுமார் 0.58 என்று வைத்தால் 100 மி.மீ. எழுத்தை 58 மீட்டர் வரை படிக்கலாம். அளக்க முடியாததை அளந்தவற்றிலிருந்து கண்டுபிடித்த மகிழ்ச்சி அவர்கள் முகத்தில் தெரிந்தது.

கண் மருத்துவரின் அட்டையும் இதே கணக்குதான்

நெதர்லாந்தைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன் 1862-இல் உருவாக்கிய எழுத்து அட்டைதான் இன்றும் கண் பரிசோதனையில் பயன்படுகிறது. நல்ல பார்வை உள்ளவர், தன் கண்ணில் 5 கோண நிமிடம் அளவுக்கு விரியும் எழுத்தைப் படிக்க முடியும் என்பது அதன் அடிப்படை. ஒரு பாகையில் 60 நிமிடங்கள். அதில் 5 நிமிடம். 6 மீட்டர் தூரத்தில் இது சுமார் 8.7 மி.மீ. உயரம். எழுத்தின் தடிமன் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

இதே கணக்கில் 65 மி.மீ. எழுத்தை எவ்வளவு தூரத்தில் படிக்கலாம்? 65-ஐ 8.7-ஆல் வகுத்து 6-ஆல் பெருக்கினால் சுமார் 45 மீட்டர். எங்களுக்கு வந்தது 38. ஏன் குறைந்தது என்று கேட்டபோது வெயில், கை நடுக்கம், கோணல் எழுத்து என்று பல பதில்கள் வந்தன. தடிமனையும் பார்க்கச் சொன்னேன். ஸ்நெல்லன் விகிதப்படி 65 மி.மீ. எழுத்துக்கு 13 மி.மீ. தடிமன் வேண்டும், விதியில் இருப்பது 10. 10 மி.மீ. தடிமனுக்குப் பொருந்தும் எழுத்து 50 மி.மீ. உயரம், அதன் தூரம் 34 மீட்டர். எங்கள் 38, 34-க்கும் 45-க்கும் நடுவில் இருந்தது. சார்ட்டும் சுண்ணாம்பும் கொண்டு செய்த சோதனைக்கு இது போதும்.

இந்தச் செயல்பாட்டில் நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு மாணவன் 65 மி.மீ. எண்ணை 14 மீட்டருக்கு வந்த பிறகுதான் படித்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். மறுபடி செய்தோம், மறுபடியும் 14. பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்து எழுதுகிறான் என்று அவனை நான் பலமுறை கண்டித்திருக்கிறேன். கரும்பலகை அவனுக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. கண்ணொளி காப்போம் திட்டத்தில் பரிசோதனைக்கு அவனை அனுப்பினோம். இப்போது கண்ணாடி போட்டு முதல் வரிசையில் உட்காருகிறான். அன்று அளந்த தூரங்களில் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது அந்த 14 மீட்டர்தான்.

செயல்பாடு 3: எத்தனை வினாடிகள்?

இப்போது திவ்யாவின் கேள்விக்கு வர முடிந்தது. லாரி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகிறது. 40-ஐ 5/18-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 11.1 மீட்டர். எழுத்து படிக்கக்கூடிய தூரம் 38 மீட்டர். 38 ÷ 11.1 = 3.4 வினாடி. வேகம் 60 கி.மீ. என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர், கிடைக்கும் நேரம் 2.3 வினாடி. வேகம் கூடினால் நேரம் குறைகிறது: எதிர் விகிதமும் வந்துவிட்டது.

இது பகல் வெளிச்சத்தில், சுத்தமான பலகைக்கு, நின்றுகொண்டு பார்ப்பவருக்கு. விடியற்காலை, சேறு படிந்த பலகை, கீழே விழுந்து எழுந்திருக்கும் பன்னிரண்டு வயதுக் குழந்தை என்றால்?

வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு ஒருத்தி திவ்யாவைப் பார்த்து, "ரெண்டு செகண்ட்ல யாராலயும் முடியாதுடி" என்றாள். நான் சொல்ல நினைத்ததை அவள் தோழியே சொல்லிவிட்டாள்.

அடுத்த கேள்வி, கிடைக்கும் 3 வினாடியில் எதைப் படிப்பது? பதிவு எண்ணை நான்கு துண்டாகப் பிரித்தோம்: மாநிலம், வட்டார அலுவலக எண், வரிசை எழுத்து, கடைசி நான்கு இலக்கம். அட்டையை 3 வினாடி மட்டும் காட்டி மறைத்து, நினைவில் இருப்பதை எழுதச் சொன்னேன். முதலிலிருந்து வரிசையாகப் படித்தவர்கள் பெரும்பாலும் கடைசி எண்ணைக் கோட்டைவிட்டார்கள். முதலில் கடைசி நான்கு இலக்கம், பிறகு மேல் வரி என்று படித்தவர்களுக்கு அதிகம் நினைவிருந்தது. வண்டியின் நிறம், எந்தப் பக்கம் திரும்பியது, பின்னால் எழுதியிருந்த ஊர் அல்லது கம்பெனிப் பெயர் ஆகியவையும் பயன்படும் தகவல்கள் என்று அவர்களே பட்டியல் போட்டார்கள். கேட்டதை உடனே உரக்கச் சொல்வது, பக்கத்தில் இருப்பவரையும் சொல்ல வைப்பது, கையில் எழுதிக்கொள்வது என்று மூன்று பழக்கங்களையும் சேர்த்துக்கொண்டோம்.

ஒரு தந்தை வகுப்புக்கு வந்தார்

டிரெய்லர் ஓட்டும் ஒரு மாணவனின் தந்தையைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் அழைத்தோம். பழைய பதிவுப் பலகைகள் இரண்டை எடுத்து வந்தார். ஒன்று உயர் பாதுகாப்புப் பலகை. பிள்ளைகள் அளந்தபோது 65, 10 என்று சரியாக இருந்தது. இன்னொன்று ஏதோ கடையில் கையால் எழுதியது, 48 மி.மீ. தான். எங்கள் மாறிலிப்படி அதைப் படிக்க 28 மீட்டருக்குள் வர வேண்டும். பத்து மீட்டர் இழப்பு.

அவர் சொன்னதையும் பதிவு செய்ய வேண்டும். "டீச்சர், துறைமுக வரிசையில மணிக்கணக்கா நிக்கிறோம். தூக்கம் கெடுது, சாப்பாடு கெடுது. எல்லா டிரைவரும் ஓடிப்போறவங்க இல்ல. பிள்ளைங்க அப்படி நினைச்சுடக் கூடாது." அந்த வகுப்பில் பாதிப் பேர் அப்பாக்கள் லாரியோடு சம்பந்தப்பட்டவர்கள். இந்தப் பேச்சு நடக்கவில்லை என்றால் பாடம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். மறுவாரம் அவர் மகன் வந்து, "காலையில அப்பா வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி நான்தான் மிஸ் நம்பர் பிளேட்டத் தொடைக்கிறேன்" என்றான். திவ்யா அவனைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அமெரிக்க விதி ஒன்றையும் அன்று ஒப்பிட்டோம். அங்கே வணிக லாரிகளின் பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயரும் போக்குவரத்துத் துறை தரும் எண்ணும் இருக்க வேண்டும். நாடு முழுவதற்குமான அந்த விதி எழுத்தின் உயரத்தைச் சொல்வதில்லை. நிற்கும் வண்டியில் பகல் வெளிச்சத்தில் 50 அடி, அதாவது 15.24 மீட்டர் தூரத்திலிருந்து படிக்க முடிய வேண்டும் என்று தூரத்தைச் சொல்கிறது. நம் விதி உயரத்தைத் தருகிறது, தூரத்தை நாம் கணக்கிட வேண்டும். அவர்கள் விதி தூரத்தைத் தருகிறது, உயரத்தைக் கணக்கிட வேண்டும். ஸ்நெல்லன் கணக்கில் 15.24 மீட்டருக்குக் குறைந்தது 22 மி.மீ. வேண்டும். ஒரே சமன்பாட்டின் இரண்டு பக்கங்கள். எது நல்ல விதி என்ற விவாதம் அரை மணி நேரம் போனது. "உயரம் சொன்னா ஸ்கேல் போதும், தூரம் சொன்னா நல்ல கண்ணு வேணும்" என்று ஒரு மாணவி முடித்துவைத்தாள்.

செயல்பாடு 4: டேங்கரின் பலகையைப் படித்தல்

எங்கள் பகுதிக்கு இது மிக முக்கியம். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது, மக்கள் மூச்சுத் திணறி நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். எங்கள் மாணவர்கள் சிலரின் உறவினர்களும் அவர்களில் உண்டு. அது குழாய். அதே போன்ற பொருள்கள் சாலையில் டேங்கர்களிலும் போகின்றன.

ஆபத்தான பொருள்களை ஏற்றிச் செல்லும் வாகனத்தின் இரு பக்கங்களிலும் பின்புறத்திலும் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும் என்கிறது விதி 134. அதிலும் அளவுகள் உண்டு:

- பொருளின் சரியான பெயர்: 50 மி.மீ.க்குக் குறையாத எழுத்து
- ஐ.நா. எண்: 100 மி.மீ.க்குக் குறையாத எண்கள்
- அபாய வகைச் சின்னம்: 250 மி.மீ.க்குக் குறையாத சதுரம், சாய்சதுரமாகத் திருப்பி வைத்தது
- அவசரத் தொலைபேசி எண்: 50 மி.மீ.க்குக் குறையாத எழுத்தும் எண்ணும்

பெயரைவிட எண் ஏன் இரண்டு மடங்கு உயரம்? எங்கள் மாறிலியைப் போட்டார்கள்: பெயர் 29 மீட்டர், எண் 58 மீட்டர். "பக்கத்துல போகாமலே தெரிஞ்சுக்கணும் மிஸ்" என்று பதில் வந்தது. பெயரைப் படிக்க மொழி தெரிய வேண்டும். நான்கு இலக்க எண்ணை எந்த ஊர்க்காரரும் தீயணைப்புத் துறைக்குச் சொல்லலாம். 1005 என்றால் நீரற்ற அமோனியா, 1017 குளோரின், 1075 எல்.பி.ஜி., 1202 டீசல், 1203 பெட்ரோல். இந்த ஐந்தையும் சின்னங்களையும் வகுப்புச் சுவரில் ஒட்டினோம்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும். அமோனியா போன்ற நச்சு வாயு கசிந்தால் எல்லாப் பக்கமும் குறைந்தது 100 மீட்டர் வரை ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும் என்பது வட அமெரிக்க அவசரகால வழிகாட்டி நூலின் முதல் அறிவுரை. நம் கண்ணுக்கு எண் தெரியும் தூரமோ 58 மீட்டர். அப்படியானால், எண்ணைப் படிக்கும் தூரத்தில் நிற்கிறோம் என்றாலே ஆபத்துக்குள் நிற்கிறோம். ஆகவே பிள்ளைகளுக்கான விதி: எண் கண்ணில் பட்டால் நினைவில் கொள், படிப்பதற்காக ஒரு அடிகூட நெருங்காதே, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகி ஓடு, பிறகு பெரியவர் மூலம் 112 அல்லது 101-ஐ அழை. கணக்குப் போட்டுப் பார்த்ததால் இந்த அறிவுரையை அவர்கள் மறக்கவில்லை.

எண்ணுக்கு என்ன மதிப்பு?

மோதிவிட்டு நிற்காமல் போன வாகனம் எது என்று தெரிந்தால், அதன் காப்பீட்டு நிறுவனத்திடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வழியே இழப்பீடு கோரலாம். மருத்துவச் செலவு, இழந்த கூலி, ஊனத்தின் அளவு எல்லாம் அங்கே கணக்கில் வரும். வாகனம் தெரியவில்லை என்றால், மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 161-இன்படி நிலையான தொகைதான்: 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். எலும்பு முறிவு கொடுங்காயத்தில் அடங்கும். இந்தத் தொகையாவது உண்டு என்பதே திவ்யாவின் வீட்டில் யாருக்கும் தெரியாது. விபத்து நடந்த பகுதியின் வருவாய்த் துறை விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தை நிரப்ப மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர் உதவினார். விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். அவள் அப்பா இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறார்.

செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு

1. பிள்ளைகளைச் சாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். எல்லாச் செயல்பாடுகளையும் பள்ளி வளாகத்துக்குள்ளேயே செய்யலாம். நிற்கும் வண்டியின் அருகிலும் குழந்தைகள் போகக் கூடாது. ஓட்டுநருக்கு அவர்கள் தெரியமாட்டார்கள்.

2. உண்மையான வாகன எண்களைச் சுவரிலோ சமூக ஊடகத்திலோ இட வேண்டாம். கற்பனை எண்களே போதும்.

3. மைதானம் சிறியது என்றால் சிறிய அட்டைகளால் தொடங்குங்கள். 10, 15, 20 மி.மீ. எழுத்துகளுக்கு 12 மீட்டர் தாழ்வாரம் போதும். மற்றதை விகிதம் பார்த்துக்கொள்ளும்.

4. சராசரியைவிட மிகக் குறைந்த தூரத்தில் படிக்கும் பிள்ளையை எல்லார் முன்னிலையிலும் சுட்டிக்காட்டாமல், தனியாகக் குறித்துக்கொண்டு கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

5. பத்தாம் வகுப்பில் இதே பாடத்தை முக்கோணவியலாக வளர்க்கலாம். 5 நிமிடக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு சுமார் 0.00145, அதிலிருந்து 65 மி.மீ.க்கான 45 மீட்டரைப் பெறலாம். பலகையை நேருக்கு நேர் அல்லாமல் 60 பாகை சாய்வில் பார்த்தால் எழுத்தின் தோற்ற அகலம் பாதியாகும்; காஸ் 60° = 1/2.

மதிப்பீட்டு வினாக்கள்

- 40 மி.மீ. எண்ணை எத்தனை மீட்டர் வரை படிக்கலாம்? உங்கள் வகுப்பின் மாறிலியைப் பயன்படுத்துக.
- 100 மீட்டர் தூரத்திலிருந்து படிக்க வேண்டிய எண் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?
- மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் விலகிச் செல்லும் ஆட்டோவின் 35 மி.மீ. எண்ணைப் படிக்க எத்தனை வினாடி கிடைக்கும்?
- லாரிப் பலகையின் எழுத்து உயரத்தை நீங்கள் தீர்மானிப்பதாக இருந்தால் எவ்வளவு வைப்பீர்கள்? காரணத்தைக் கணக்குடன் எழுதுக.

கடைசி வினாவுக்குத் திவ்யா எழுதியிருந்தாள்: "130 மி.மீ. வைப்பேன். அப்போது 75 மீட்டர் வரை தெரியும். 40 கி.மீ. வேகத்தில் சுமார் 6.8 வினாடி கிடைக்கும். கீழே விழுந்தவர் எழுந்து பார்ப்பதற்கு 3 வினாடி ஆகும். மிச்சம் 3.8 வினாடியில் படித்துவிடலாம்." பலகையும் இரண்டு மடங்கு பெரிதாக வேண்டும் என்று அடைப்புக்குள் சேர்த்திருந்தாள். உயரமும் அகலமும் இரண்டு மடங்கானால் பரப்பளவு நான்கு மடங்காகும் என்று திருத்தினேன். மற்றபடி முழு மதிப்பெண்.